விருந்தாளி கேட்ட பாஸ்வேர்டு

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு நெவேனா லேப்டாப்பை ஷட் டவுன் செய்தாள். சும்மா மூடி வைக்கவில்லை, ஸ்லீப்பில் போடவில்லை, முழுசாக அணைத்தாள். 'நிச்சயமாகவா?' என்று திரை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். கம்பெனி போட்டு வைத்திருந்த இன்னொரு பெட்டி எழும்பி, 'மேலாளரிடம் தெரிவித்துவிட்டீர்களா?' என்றது. அதற்கும் ஆமாம். எழுத்திலேயே தெரிவித்திருந்தாள். உள்ளே சுற்றிக்கொண்டிருந்த விசிறி நின்றது. பையில் போட்டு, அலமாரியில் குளிர்கோட்டுகளுக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

நிஷ் நகரத்தில் அவள் வேலை பார்த்த அலுவலகத்தில் இது ஏறக்குறைய குற்றம். எங்கோ வெளிநாட்டில் செருப்பு விற்கிற ஒரு நிறுவனத்துக்கு வரும் புகார்களுக்கு இங்கே உட்கார்ந்து பதில் எழுதும் வேலை. வீட்டுக்குக் கொண்டுபோகும் லேப்டாப் மாலையில் ஸ்லீப்பில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஹைபர்னேட்டில் போடலாம். ஷட் டவுன் செய்வதென்றால் அனுமதி கேட்க வேண்டும்.

ஸ்லீப் என்றால் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுப்பது. தலைமை அலுவலகம் தட்டினால் எழுந்து, என்ன வேண்டும் என்று கேட்கும். ஹைபர்னேட் பனிக்காலத்துக் கரடி. எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு மின்சாரமே இல்லாமல் கிடக்கும், திங்கட்கிழமை விட்ட இடத்திலிருந்து எழுந்து நடக்கும். இரண்டிலும் வேலை பாதியில் நிற்கிறதே தவிர முடிவதில்லை. ஷட் டவுன் ஒன்றுதான் முடிந்தது என்று சொல்லும். அதனால்தான் மேலே இருப்பவர்கள் யாருக்கும் அது பிடிப்பதில்லை என்று நெவேனா நினைத்தாள். நினைத்ததை வெளியே சொல்லும் வழக்கமும் அவளுக்கு இருந்தது.

லேப்டாப் விழித்திருந்தால் தலைமை அலுவலகத்தின் பலகையில் அந்த ஆளின் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி. பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் மஞ்சள். அணைத்தால் சாம்பல். பதினோரு பேர் கொண்ட அவர்கள் அணியில் வேலை நாளில் சாம்பல் புள்ளியே விழுந்ததில்லை என்பது மேலாளர் நெனாத்தின் பெருமை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் நாள், ஸ்லாவா, வருகிறதே, அன்றைக்கும் விழுந்ததில்லை. சட்டப்படி அன்று சம்பளத்தோடு விடுமுறை. ஆனால் நெனாத் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரே பாட்டைப் பாடுவான்.

"லீவுன்னு எழுதாத. அங்க இருக்கறவனுக்கு ஸ்லாவான்னா என்னன்னே தெரியாது, படிவத்துல கட்டமே இல்ல. வீட்டுல இரு, சாமி கும்பிடு, சாப்பிடு. மெஷின மட்டும் தூங்க விட்டுறாத. யாருக்குத் தெரியப் போவுது?"

எல்லோரும் அப்படியே செய்தார்கள். வீடு நிறைய விருந்தாளிகள் இருக்க, சூப் கிண்ணத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு குளிர்பெட்டியின் மேல் இருக்கும் லேப்டாப்பிடம் ஓடி, மவுஸை ஒரு தள்ளு தள்ளிவிட்டு வருவார்கள். அணியில் இருந்த ரூஷித்சாவின் வீட்டில் மவுஸை ஒரு பொம்மை ரயிலின் பின்னால் கட்டிவிட்டார்கள். அது நாள் முழுக்க வட்டம் போட்டது. இதையெல்லாம் நெனாத்தின் பெரிய மனசு என்று அணியில் பேசிக்கொண்டார்கள். நெவேனாவுக்குப் பொறுக்கவில்லை. சட்டம் கையில் கொடுத்த நாளை, திருடித் தின்கிற மாதிரி ஒளித்துத் தின்பதா? அவள் நேராகத் தலைமை அலுவலகத்துக்கு விடுப்பு எழுதி அனுப்பி, நகலை நெனாத்துக்கும் போட்டாள். காரணம் என்ற இடத்தில் 'குடும்பப் புனிதர் நாள், சட்டப்படி' என்று போட்டாள்.

அவளுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. நிரந்தர ஒப்பந்தமா, வீட்டுக்கா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். அவர்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அம்மா லியூபிங்கா காலுறை ஆலையில் இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே வேலை செய்தவள். மகளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்ததை இன்னமும் நம்பாமல், தினமும் காலையில், "நாற்காலி குடுத்தாங்கல்ல?" என்று கேட்பவள்.

ஸ்லாவா நாளான வியாழக்கிழமை காலையிலேயே பாதிரியார் வந்து சடங்கு ரொட்டியை அறுத்துவிட்டுப் போனார். மூன்று வருடம் முன்னால் அப்பா போனதிலிருந்து மெழுகுவர்த்தி ஏற்றுவதும் ரொட்டியைப் பிடித்துத் திருப்புவதும் நெவேனாதான். வீட்டுக்குத் தலைவராக இருப்பவர் அன்று உட்காரக் கூடாது. நாள் முழுக்க நின்று பரிமாற வேண்டும். "பாவாடை கட்டின தலைவர நான் இங்கதான் பாக்கறேன்" என்று அம்மாவின் அண்ணன் திஹோமிர் மாமா வருடா வருடம் சொல்வார். "கோட்டு போட்ட தலைவருங்க ஊத்தினத விட நான் அதிகமா ஊத்தறேன், கிளாஸ நீட்டுங்க மாமா" என்பாள் இவள். மாமா நீட்டிவிடுவார்.

மதியம் மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தெருக்காரர்கள் பாதி, உறவு பாதி. ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டு நெவேனா திறந்தாள். ஒரு கையில் ஒயின் பாட்டிலும் மறு கையில் காப்பிப் பொட்டலமுமாக நெனாத் நின்றான். கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

"புனிதர் நாள் வாழ்த்துகள்."

"உள்ள வாங்க" என்றாள் நெவேனா. வேறு என்ன சொல்வது? வாசலில் வைத்து விரட்டினால் தெருவே காறித் துப்பும். அது தெரிந்துதான் வந்திருக்கிறான் என்று புரிந்தது. வந்தவர்கள் முதலில் வாயில் போட வேண்டிய இனிப்புக் கோதுமைத் தட்டை நீட்டினாள். அவன் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி வாயில் போட்டான்.

"யாருப்பா தம்பி?" என்றார் மாமா.

"நெவேனாவோட மேலாளர்" என்றாள் அம்மா. குரலே மாறிப்போயிற்று. மேசையின் நல்ல பக்கத்தில் ஆட்களை நகர்த்தி அவனுக்கு நாற்காலி போட்டாள்.

"அடேங்கப்பா, மேலாளரே வீட்டுக்கு வந்துட்டாரா" என்றார் மாமா. "அப்ப இவ வேல பாக்கறாதான். நாங்க சும்மா சொல்றான்னு நெனச்சோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நெனாத்தும் சிரித்தான். புளித்த கோஸ் இலையில் சுற்றிய இறைச்சி வந்தது. இரண்டு உருண்டை சாப்பிட்டதும் அவன் நெவேனாவைத் தலையால் அழைத்தான்.

"கொஞ்சம் வெளிய பேசலாமா?"

"இன்னிக்கு மேசைய விட்டு நான் நகர முடியாது. இங்கயே சொல்லுங்க."

அவன் சுற்றிலும் பார்த்தான். தணிந்த குரலில் ஆரம்பித்தான். தணிந்த குரல் என்றால் பன்னிரண்டு பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிற குரல்.

"காலையிலருந்து உன் புள்ளி சாம்பல்ல இருக்கு. மேலருந்து ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. இது என்ன லீவு, இந்த அணியில வேற யாரும் இதுவரைக்கும் எடுக்கலயேன்னு."

"யாரும் எடுக்கலன்னு நீங்கதான சொல்லி வச்சிருக்கீங்க."

"பெருசா ஒண்ணும் இல்ல. மெஷினத் தெற. அஞ்சு நிமிஷம். தப்பா அனுப்பிட்டேன், லீவ ரத்து பண்ணிக்கறேன்னு ஒரு வரி எழுது. அப்பறம் அப்பப்ப மவுஸத் தள்ளிட்டு நீ பாட்டுக்கு விருந்தப் பாரு. ஷட் டவுன் மட்டும் பண்ணாத." கோப்பைத் திறந்து, ரொட்டிக்கும் உப்புக் கிண்ணத்துக்கும் நடுவில் இரண்டு தாள்களை வைத்தான். "நிரந்தர ஒப்பந்தம். என் கையெழுத்து போட்டாச்சு. உன்னுது மட்டும் பாக்கி. நாளைக்குன்னு இல்ல, இன்னிக்கே போடலாம்."

லியூபிங்கா தாளைப் பார்த்தாள். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் லேப்டாப் பை இருந்தது. தட்டுகளை ஒதுக்கி, லேப்டாப்பை வெளியே எடுத்து மகள் முன்னால் வைத்தாள்.

"எதுக்கும்மா இத எடுத்துட்டு வந்த?"

"அஞ்சு நிமிஷம்தான கேக்கறாரு. வீடு தேடி வந்துட்டாரு."

நெனாத்தே பொத்தானை அழுத்தினான். திரை எழும்பிப் பாஸ்வேர்டு கேட்டது. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். திஹோமிர் மாமாகூட முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்களோட ஸ்லாவா எப்போ?" என்று கேட்டாள் நெவேனா.

"டிசம்பர்ல. புனித நிக்கோலா நாள்."

"போன வருஷம் என்ன பண்ணீங்க?"

நெனாத் கிளாஸைத் திருப்பிக்கொண்டே இருந்தான். "என்னத்த பண்றது. எல்லாரையும் போலத்தான். மெஷின சன்னல் திட்டுல வச்சிருந்தேன். எட்டு நிமிஷத்துக்கு ஒருக்கா எழுந்து போனேன்." மிச்ச ஒயினைக் குடித்தான். "வயித்துக் கோளாறாடான்னு அப்பா எல்லார் முன்னாலயும் கேட்டாரு."

மாமா ஓவென்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"ஆமான்னுட்டீங்களா?"

"வேற என்ன சொல்ல?"

நெவேனாவுக்கு அவன்மேல் ஒரு நொடி இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தின் மேலேயே கோபமும் வந்தது. சொந்த வீட்டில், அப்பாவுக்கு முன்னால் வயிற்றுக் கோளாறு என்று பொய் சொல்லிக்கொண்டு ஒரு புள்ளிக்குக் காவல் இருந்தவன், அதையே ஒரு சலுகையாகக் கட்டி இவள் வீட்டுக்கும் கொண்டு வந்திருக்கிறான்.

நின்றபடியே குனிந்து பாஸ்வேர்டை அடித்தாள். நெனாத் நிம்மதியாக மூச்சு விட்டான். அம்மாவும் விட்டாள். நெவேனா தலைமை அலுவலகத்துக்கான மின்னஞ்சல் பக்கத்தைத் திறந்தாள். அடிக்க அடிக்க, மேசைக்கே கேட்கும்படி சத்தமாகப் படித்தாள்.

"'என் விடுப்பை நான் ரத்து செய்யவில்லை. இன்று எங்கள் குடும்பப் புனிதர் நாள். இந்த நாட்டுச் சட்டப்படி எனக்கு விடுமுறை. இந்த லேப்டாப் இப்போது விழித்திருப்பதற்குக் காரணம், என் மேலாளர் என் வீட்டுக்கு வந்து திறக்கச் சொன்னது. நான் வேலையில் இல்லை. நேற்று வரைக்குமான புகார்கள் அனைத்துக்கும் பதில் எழுதி, பொதுக் கோப்புறையில் சேமித்துள்ளேன்.'"

"நெவேனா, வேணாம்."

"உங்களுக்கும் ஒரு நகல் போடறேன். மத்தவங்களப் பத்தி ஒரு வார்த்த எழுதல. அது அவங்க பாடு."

அனுப்பினாள். பிறகு ஷட் டவுனை அழுத்தினாள். திரை இரண்டு முறை கேட்டது, இரண்டுக்கும் பதில் சொன்னாள். இருண்ட லேப்டாப்பை மூடி அம்மாவின் கையில் கொடுத்தாள். நெனாத்தின் காலி கிளாஸில் ஒயின் ஊற்றினாள்.

"இப்ப நீங்க வெறும் விருந்தாளி. பன்னி வறுவல் இன்னும் வரல, உக்காருங்க."

அவன் முகம் சிவந்திருந்தது. எழுந்து போய்விட நினைத்தான் என்று தெரிந்தது. முதல் பதார்த்தத்தோடு எழுந்தால் அவமதிப்பு. மாமா வேறு அவன் தோளில் கையைப் போட்டிருந்தார். அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இதையே கேட்டிருந்தால் நெவேனா வாயைத் திறந்ததற்குச் சாட்சி கிடையாது, அவன் கேட்டதற்கும் கிடையாது. விருந்தாளியாகப் போனால் மறுக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டவன், விருந்தாளியைச் சுற்றிப் பன்னிரண்டு ஜோடிக் காது இருக்கும் என்பதை மறந்துவிட்டான்.

வறுவல் வந்தது. சாப்பிட்டான். பிறகு தாள்களை எடுத்துக் கோப்புக்குள் போட்டுக்கொண்டான்.

"நாளைக்கு இத நான் உன் மேசையில வைக்க முடியாது. உனக்கே தெரியும்."

"வைக்காதீங்க. ஏன் வைக்கலன்னு எழுதிக் குடுங்க."

"என்னன்னு எழுதறது?"

"இவ ஸ்லாவா கும்பிட்டான்னு எழுதுங்க."

"அப்படி எழுத முடியுமா?"

"அப்ப வேற காரணம் இருந்தா அத எழுதுங்க. இல்லன்னா கையெழுத்து போட்ட தாள் உங்க கக்கத்துலதான் இருக்கு, அதையே குடுங்க."

நெனாத் எழுந்தான். எல்லோரிடமும் கை குலுக்கிவிட்டுக் கோட்டை மாட்டினான். லேப்டாப்பை மார்போடு பிடித்தபடி லியூபிங்கா அவ்வளவு நேரமும் சுவரோரம் நின்றிருந்தாள். நெவேனா அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. இந்த வீட்டுக்கு வந்த ஒரே நாற்காலியைத் தன் கையாலேயே தள்ளிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டுத் தலைவர் இன்று உட்காரக் கூடாது. நின்றாள்.

லியூபிங்கா லேப்டாப்பை மாமாவின் மடியில் வைத்தாள். வால்நட் கேக் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி, வாசலில் நெனாத்தின் கையில் திணித்தாள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"சார், நாளைக்கு ஒம்பது மணிக்கு இவ வருவா. என்ன முடிவுன்னாலும் தாள்ல எழுதி, முத்திர குத்திக் குடுங்க."

"பாக்கறேன்மா."

"பாக்கறேன்னு சொல்லாதீங்க. ஆலையிலருந்து எங்கள அனுப்பறப்ப ஏன்னு ஒருத்தரும் எழுதிக் குடுக்கல. முன்னூறு பொம்பளைங்க. நாங்களும் கேக்கல, கைய மட்டும் துடைச்சிட்டு வந்துட்டோம். இவ கேப்பா. இவளுக்குப் படிக்கத் தெரியும், நீங்க எழுதினது சரியா தப்பான்னு பாக்கத் தெரியும். அதுக்குத்தான் படிக்க வச்சேன்."

நெனாத் தலையை ஆட்டினான். கேக் பொட்டலத்தைக் கோப்பின் மேல் வைத்துக்கொண்டு படியிறங்கினான்.

லியூபிங்கா கதவைச் சாத்தினாள். மகளிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஒம்பது மணிக்குப் போறதுக்கு நீல சட்டைய இஸ்திரி போட்டு வச்சிருக்கியா?"

"இல்லம்மா."

"அப்ப நான் போடறேன். நீ உள்ள போ, மாமா கிளாஸ் காலியா இருக்கு."