என் பெயரில் இருநூறு வார்த்தை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமுமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் கண் விழித்தபோது மணி நாலு இருபது. கைபேசி கூடத்தில் சார்ஜில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் ஒன்பது மிஸ்டு கால், ஒன்பதும் இசக்கிசெல்வி. எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஐம்பத்தேழு வயதில் ஒரு மனுஷியை வாரத்தில் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்க விடக் கூடாதா என்று முணுமுணுத்துக்கொண்டே திருப்பிக் கூப்பிட்டேன்.

“டீச்சர், ஒங்க கட்டுரை இன்னும் வரலியே. ரெண்டு மணிலேருந்து கூப்புடுதேன். அஞ்சு மணிக்கு சைட்ட மூடிருவாங்க” என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கட்டுரை. எனக்கு அப்போதுதான் தூக்கம் முழுதாகக் கலைந்தது.

தாராவியில் நாங்கள் வேலை பார்க்கும் தமிழ்வழிப் பள்ளியை ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. அந்த வருஷம் டிரஸ்டுக்கு ஓர் ஆசை. ஆசிரியர்கள் எல்லோரும் உலகக் குடிமைக் கல்வி என்ற ஆன்லைன் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும், ஜனவரி முடிவதற்குள். ஆறு பாடம், பாடத்துக்கு நாலு வீடியோ. வேகமாக ஓட்டிவிட முடியாது, முழுதும் ஓடி முடிந்தால்தான் அடுத்ததற்கான பொத்தான் எரியும். பிறகு ஒரு தேர்வு. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஆங்கிலத்தில் இருநூறு வார்த்தையில் ஒரு கட்டுரை. ‘உங்கள் வட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒருவருக்காக நீங்கள் நின்ற ஒரு சந்தர்ப்பம்.’ உலகத்தில் எத்தனை லட்சம் வாத்தியார்கள் இந்தக் கேள்வியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்களோ தெரியாது. எங்கள் பள்ளியில் பன்னிரண்டு பேர். அதில் பதினோரு பேர் ஒரே காரியத்தைச் செய்தோம், இசக்கியைக் கூப்பிட்டோம்.

இசக்கிசெல்விக்கு இருபத்தேழு வயது. தாராவியிலேயே பிறந்தவள், பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். கணக்குப் பாடம் எடுப்பாள். எங்களைப்போல நிரந்தரமில்லை, ஒவ்வொரு ஏப்ரலிலும் டிரஸ்ட் கையெழுத்திட்டால்தான் அடுத்த வருஷம் அவளுக்கு வேலை. மத்தியான இடைவேளையில் ஆசிரியர் அறை மேஜையில் ஐந்தாறு கைபேசிகள் சத்தத்தைக் குறைத்துவிட்டு வீடியோவை ஓட்டியபடி கிடக்கும். பனியில் நின்றுகொண்டு ஒரு வெள்ளைக்காரி கையை விரித்து விரித்துப் பேசுவாள். அவள் குரல் எப்படியிருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் டப்பாவைத் திறந்து சாப்பிடுவோம். இசக்கி மட்டும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அவள் சொல்வதை எழுதிக்கொள்வாள், எல்லோர் தேர்வையும் அவள்தானே எழுத வேண்டும். மாலையில் வீட்டிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். “டீச்சர், ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.” மாட்டுங்கா மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டே நான் எத்தனையோ தடவை அந்த ஆறு எண்களைச் சொல்லியிருக்கிறேன். சீனியர்களுக்கு முதலில், தனக்குக் கடைசியில். யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை, எங்கள் பள்ளியில் டீ வந்தாலும் அந்த வரிசைதான்.

கட்டுரைதான் அவளுக்குப் பெரும்பாடு. ஒன்றைப்போல ஒன்று இருந்தால் சைட் கண்டுபிடித்துவிடுமாம். அதனால் பத்துப் பேருக்குப் பத்துக் கதை கட்டினாள். தலைமை ஆசிரியர் வானமாமலை சார் ரயிலில் ஒரு பிகாரித் தொழிலாளியை அடியிலிருந்து காப்பாற்றியிருந்தார். டிராயிங் மாஸ்டர் ஒரு திருநங்கைக்கு ஆதார் வாங்கிக் கொடுத்திருந்தார். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்கள் எல்லோரையும் நல்லவர்களாக்கிவிட்டாள். எனக்கு மட்டும் வேண்டாம் என்றேன். “முப்பது வருஷமா கட்டுரை திருத்தறவ நான். என்னோடத நானே எழுதித் தரேன்டிம்மா” என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன். ஜம்பம்.

அதற்குப் பிறகு மூன்று சாயங்காலம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொய் எழுதக் கூடாது என்று வைராக்கியம். கிங்ஸ் சர்க்கிளில் பிறந்து வளர்ந்து, பத்து நிமிஷ பஸ் தூரத்தில் வேலை பார்த்து, ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்து, இத்தனை வருஷத்தில் யாருக்காக நான் நின்றிருக்கிறேன்? யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றுகூட அகப்படவில்லை. உதவி செய்ததில்லை என்றில்லை. பழைய புடவை கொடுத்திருக்கிறேன், பீஸ் கட்டியிருக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு நஷ்டம் வரும் என்று தெரிந்து யார் பக்கத்திலும் போய் நின்றதில்லை. இது எனக்கே புதுச் செய்தியாக இருந்தது. நோட்டை மூடிவைத்துவிட்டு டிவி போட்டுக்கொண்டேன்.

“எழுதலைடி. நீயே ஏதாவது எழுதிப் போட்டுடேன்” என்றேன் போனில்.

“இனி எங்க டீச்சர் எழுத? என்னோடதும் இன்னும் ஏத்தல.” பிறகு அவளே சொன்னாள். “சரி, ஓடிபி சொல்லுங்க. நா பாத்துக்கிடுதேன்.”

சொன்னேன். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது என் சான்றிதழ் வாட்ஸாப்பில் வந்துவிட்டது. நான் காபி போடப் போய்விட்டேன்.

மறுநாள் படியேறும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். “ஒங்களுக்கு என்னோட கட்டுரையத்தான் போட்டேன் டீச்சர். பொறவு நாலு வரி மாத்தி எனக்கும் அதையே போட்டுட்டேன். பாப்போம்.” சரி சரி என்றேன். அவளுடையது எதைப் பற்றி என்றுகூட நான் கேட்கவில்லை.

பிப்ரவரி நடுவில் வானமாமலை சார் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஒரே மின்னஞ்சலில் இரண்டு செய்தி வந்திருந்தது. விசாலாக்ஷி டீச்சரின், அதாவது என்னுடைய, கட்டுரை மிகச் சிறந்தவற்றில் ஒன்று, டிரஸ்டின் ஏப்ரல் விழாவில் அதை வாசிக்க வேண்டும். இசக்கிசெல்வியின் கட்டுரை அதே பள்ளியில் இன்னொருவர் முன்பே அனுப்பியதன் நகல், அதனால் சான்றிதழ் ரத்து.

சார் இரண்டையும் அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தார். என் பெயர் போட்டதை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன். சந்தில் ஒரே குழாய். காலையில் முக்கால் மணி நேரம்தான் தண்ணீர். புதிதாகக் குடிவந்த வந்தனா என்ற இந்திக்காரப் பெண்ணை வரிசையில் நிற்க விடமாட்டோம் என்று தெருவே நின்றது. எல்லோரையும்விடப் பெரிதாகச் சத்தம் போட்டது எழுதியவளின் அம்மா. எழுதியவள் வரிசையிலிருந்த தன் குடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வந்தனாவின் குடத்தை வைத்தாள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் தண்ணீர் இல்லை. அம்மா மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர். என் அம்மா காலமாகிப் பதினாறு வருஷமாகிறது. நான் குழாயடியில் குடம் வைத்தவள் என்று நம்ப அந்தப் பள்ளியில் பியூன்கூட இல்லை. சாருக்கும் தெரியும், சாருக்கு ரயில் கதை எழுதியது யார் என்பதும் தெரியும்.

“பாத்து எழுதுனதுன்னு வந்திருக்கு, என்னம்மா இப்படி?” என்றார் அவளிடம், மேஜையைப் பார்த்துக்கொண்டே. “சர்ட்டிபிகேட் இல்லன்னா டெம்பரரி ஸ்டாஃபுக்குக் கையெழுத்துப் போடமாட்டோம்னு டிரஸ்ட்ல சொல்லிட்டாங்களே.”

இசக்கி என்னைப் பார்த்தாள். கெஞ்சிப் பார்க்கவில்லை. நான் பேசப்போகிறேன் என்று நினைத்து, எனக்கு வழி விடுவதுபோலச் சும்மா இருந்தாள். ‘சார், அது அவளோடது’ என்று மூன்றே வார்த்தை சொன்னால் போதும். எனக்குச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஒரு மெமோ வந்திருக்கும், அவ்வளவுதான், ஒரு வருஷத்தில் ஓய்வு பெறப்போகிறவளை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். மகாசிவராத்திரி எந்தக் கிழமை என்று பார்த்தேன்.

“ஆமா சார். அவசரத்துல டீச்சரோடதப் பாத்துட்டேன்” என்றாள் இசக்கி.

வெளியே வந்ததும் வராந்தாவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “நான் டிரஸ்டுல நேரா பேசறேன். நீ கவலப்படாதே.”

“விடுங்க டீச்சர். நீங்க சொல்லியிருந்தா எல்லாரோட சர்ட்டிபிகேட்டும்லா போயிருக்கும்” என்றாள்.

அவள் கொடுத்த அந்தக் காரணத்தை இரண்டு மாதம் நான் வைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு பேருக்காக வாயை மூடினேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். நிஜம் அதுவல்ல. எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லோர் எதிரிலும் சொந்தமாக எழுதுவேன் என்று சொன்னவளுக்கு எழுத ஒன்றுமில்லாமல் போயிற்று என்று வெளியே தெரிவது வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு ஒரு பெண்ணின் வேலையை விலையாகக் கொடுத்தேன். இந்த வாரம் டிரஸ்ட் ஆபீசுக்குப் போகிறேன், அடுத்த வாரம் போகிறேன் என்று நாள் போயிற்று. மார்ச்சில் பரீட்சைத் தாள் கட்டு கட்டாக வந்தது. இசக்கி எப்போதும்போல வகுப்புக்குப் போனாள், வந்தாள், எனக்கு மதிப்பெண் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுத்தாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

விழா ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, செம்பூரில் ஒரு ஹாலில். அது முடிந்ததும் அங்கேயே டிரஸ்ட் கமிட்டி கூடி, நிரந்தரமில்லாதவர்களின் அடுத்த வருஷப் பட்டியலில் கையெழுத்திடும் என்று சார் சொல்லியிருந்தார். கட்டுரையைத் தமிழில் வாசிக்க வேண்டும் என்று டிரஸ்டில் கேட்டார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியதும் இசக்கிதான், திரையில் காட்ட லேப்டாப்பை இயக்க வந்ததும் அவள்தான். வேறு யாருக்கு அதெல்லாம் தெரியும்?

கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். இன்றைக்கு மேடையில் சொல்லிவிடுவது. யார் தலை உருண்டாலும் சரி. சயான் தாண்டுவதற்குள் வாக்கியங்களை மனசுக்குள் அடுக்கிவிட்டேன். ‘இது என் கட்டுரை இல்லை. எழுதியவள் இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.’  பல நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

முன்வரிசையில் டிரஸ்டின் தலைவி பத்மஜா மேடம், பக்கத்தில் கமிட்டிக்காரர்கள், பின்னால் எங்கள் பதினோரு பேரும் பட்டுச் சேலையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக. மேடையின் ஓரத்தில் ஒரு சின்ன மேஜை. அதில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இசக்கி உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சுடிதார், கழுத்தில் பள்ளி அடையாள அட்டை. அந்த அட்டைக்கு இன்னும் நாலு நாள் ஆயுசு இருந்தது. என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள், கை தட்டினார்கள்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடையின் பக்கச் சுவரில் இருந்த திரையில் எழுத்துகள் வந்தன. முதல் வரியை மட்டும் வாசித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதை வாசித்ததும் இரண்டாவதும் வந்துவிட்டது. “எங்கள் சந்தில் ஒரே ஒரு குழாய்” என்று என் வாய் சொன்னது. நல்ல தமிழ், சொல்லிச் சொல்லி நானே அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாலும் இப்படி வந்திருக்காது. வந்தனாவைத் துரத்தியது, அம்மா போட்ட சத்தம், எல்லாம் என் குரலில் போய்க்கொண்டே இருந்தது. பத்மஜா மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நான் நிறுத்தினேன்.

இப்போது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஹாலில் யாரோ இருமினார்கள். வானமாமலை சார் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். 

இசக்கி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. குனிந்து எதையோ தட்டினாள். திரையில் எழுத்து பெரிதாயிற்று. நான் இன்னும் பேசாமல் நிற்கவே மறுபடியும் பெரிதாக்கினாள். மற்ற வரிகளெல்லாம் திரைக்கு வெளியே போய், ‘என் குடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவள் குடத்தை வைத்தேன்’ என்ற ஒரே வரி சுவர் முழுவதும் நின்றது. அதன் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது. வாசிங்க டீச்சர் என்பதுபோல எனக்குத் தலையை ஆட்டிக் காட்டினாள்.