வளையல் ஏறாத கைகள்

என் மகள் மஹ்ஜபீனுக்கு வந்திருப்பது முடக்குவாதம் என்று மதுரை டாக்டர் கண்டுபிடித்த அன்று, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் எனக்கு நாட்டுக் கணக்கைச் சொன்னார்.

"இது ஒண்ணும் அதிசயமான நோய் இல்ல பாய். நம்ம நாட்டுல ஆயிரம் பேர நிக்க வச்சா ஏழெட்டுப் பேருக்கு இருக்கும். ஆம்பள ஒருத்தருன்னா பொம்பள மூணு பேரு. நெறையப் பேருக்குத் தெரியவே தெரியாது. சிக்குன்குனியா வந்த வலின்னு தைலம் தேச்சுக்கிட்டே காலத்தை ஓட்டிருவாங்க."

அவருக்குப் பின்னால் சுவரில் இந்தியா படம் ஒன்று தொங்கியது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நாட்டுக்கு ஆயிரம் பிள்ளைகள் இருக்கலாம். பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கும் கிதர் முகம்மது, எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அதற்கே வந்துவிட்டது என்றால் ஆயிரத்துக் கணக்கை வைத்து நான் என்ன செய்ய?

ஆனால் தைலம் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். நாங்களும் ஒரு வருஷம் அதைத்தான் செய்தோம். காலையில் எழுந்தால் பிள்ளைக்கு விரல் மடங்காது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி, விரல் முட்டியெல்லாம் வீங்கி நிற்கும். நேரம் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். மதியத்துக்கு மேல் பார்த்தால் நோயே இல்லாதவள் மாதிரி இருப்பாள். "காய்ச்சல் வலி, தானா போயிரும்" என்று சொல்லாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. அது போகவில்லை, வருஷம்தான் போனது.

டாக்டர் அறைக்கு வெளியே ஒரு பெரிய கூடம். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் சொன்ன நாடு என் கண்ணுக்குத் தெரிந்தது. குஜிலியம்பாறைப் பக்கம் கடலைக்காட்டில் வேலை பார்க்கிற பெண், சின்னாளப்பட்டியில் இருந்து ஒரு அம்மா, கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு ஒரு டீச்சர். சாதி வேறு, சாமி வேறு, கை மட்டும் ஒன்று. டீ விற்கிறவர் வந்தபோது ஒருத்தரும் டம்ளரை விரலால் பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, சின்னப் பிள்ளைகள் பால் குடிக்கிற மாதிரி குடித்தார்கள். என் மகளும் அப்படித்தான் குடித்தாள்.

மருந்து ஆரம்பித்து ஏழெட்டு மாதத்தில் வீக்கம் பாதி வடிந்தது. அந்த நேரத்தில்தான் தரகர் சனாவுல்லா வத்தலக்குண்டு மாப்பிள்ளையைக் கொண்டு வந்தார். பெயர் அக்மல். சொந்தமாக செல்போன் கடை. அத்தா இல்லை, அம்மா மட்டும். போட்டோவைப் பார்த்துவிட்டு மஹ்ஜபீன் "பரவாயில்லத்தா" என்றாள். பரவாயில்லை என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பெற்றவனுக்கு அதுகூடவா தெரியாது?

"சொல்லிருவோம்த்தா. கைய எங்கிட்டு ஒளிச்சு வைக்கிறது?" என்றும் அவள்தான் சொன்னாள்.

என் மனைவி கமர்ஜஹான் விடவில்லை. "நோயின்னு நீங்க வாயத் தொறந்தீங்க, அவ கடைசி வரைக்கும் இந்த வீட்டுலதான். பாத்துக்கங்க!" என்று அழுதாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். நாங்கள் பொய் சொல்லவில்லை, ஒரே ஒரு உண்மையைச் சொல்லாமல் விட்டோம். பெண் பார்க்கக் காலையில் வருகிறோம் என்றவர்களை, சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு வரச் சொன்னோம். காலையில் நல்ல நேரத்தை விட்டுவிட்டு இதென்ன என்று சனாவுல்லா தலையைச் சொறிந்தார். விரல் மடங்குகிற நேரம்தான் எங்களுக்கு நல்ல நேரம் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

மாப்பிள்ளையின் அம்மா ரஃபியா, கூட இரண்டு பெண்களோடு வந்தார். பெண்ணைப் பிடித்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டு மூத்த பெண் தன் கையாலேயே வளையல் போட்டு, தலையில் பூ வைத்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆண்களுக்கு அங்கே வேலை கிடையாது. இருந்தாலும் நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஓரமாகப் பார்த்தேன்.

கமர் டீ கொண்டுபோய் வைத்தாள். ரஃபியா டம்ளரை எடுத்தார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து எடுத்தார்.

அடப்பாவி, இந்த அம்மாவும் அந்தக் கூடத்து ஆள்தானா! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. இன்னொருத்தர் நோயைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். இந்த வலி தெரிந்தவர் என் பிள்ளையை ஏச மாட்டார், தாங்கிக்கொள்வார், அல்லாஹ் சரியான வாசலைத்தான் காட்டியிருக்கிறான் என்று நினைத்தேன்.

பேச்செல்லாம் நன்றாகவே போனது. ரஃபியாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பச்சைக் கண்ணாடி வளையல் பெட்டியைத் திறந்து, மஹ்ஜபீனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். முதல் வளையல் விரல் முட்டி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அவர் தள்ளப் பார்த்தார். தள்ளுவதற்கு அவர் கட்டைவிரலில் பலம் இல்லை. வளையல் வழுக்கி வழுக்கித் திரும்பியது. என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாகவே இருந்தாள். வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே ஓடிப்போய்க் கையைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"வளையல சின்னதா வாங்கிட்டோமோ?" என்றார் கூட வந்த பெண்.

"சோப்பு கொண்டாரேன்" என்று கமர் எழுந்து ஓடினாள்.

சோப்பு போட்டும் ஏறவில்லை. ரஃபியா வளையலை விட்டுவிட்டார். மஹ்ஜபீனின் விரல் முட்டிகளை வரிசையாக, மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். மதுரை டாக்டர் தொடுகிற மாதிரியே தொட்டார். பிறகு வேறு யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"காலையில எம்புட்டு நேரம் ஆகுது தாயி?"

கமர் சோப்புக் கையோடு நின்றாள். மஹ்ஜபீன் அவர் முகத்தையே பார்த்தாள்.

"விரல் மடங்கப் பத்து மணி ஆயிரும் மாமி."

"எனக்குப் பதினொண்ணு" என்றார் ரஃபியா.

பிறகு அவர் திரைப்பக்கம் திரும்பி, "அண்ணே, செத்த உள்ள வாங்க" என்று என்னைக் கூப்பிட்டார். போய் நின்றேன்.

"மறச்சதுக்கு எனக்குக் கோவம் இல்லண்ணே. நானும் மறச்சுக்கிட்டுத்தான் திரியிறேன். ஆனா ஒண்ணு கேளுங்க. எனக்குக் கை போயிருச்சு. சட்டிய எறக்க முடியல, மாவு பெசைய முடியல, சட்டைக் கொக்கிய மாட்டக்கூட ஆளு வேண்டியிருக்கு. அதுக்காகத்தான் மருமக தேடுறேன். இவளக் கூட்டிட்டுப் போனா, இவளுக்கு முடியாத அன்னிக்கி யாரு செய்யிறது? நான் செய்யணும். எனக்குக் கை இல்லையேண்ணே. ஒரே அடுப்புல ரெண்டு பேரும் நின்னு அழவா?"

நானும் கோபக்காரன்தான். சந்தையில் என்னிடம் வாயைக் கொடுத்தவர்கள் மீண்டதில்லை. வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். இந்த அம்மாவை என்னவென்று கேட்பது? அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நோய் தெரியாதவர்களாக இருந்திருந்தால் வளையல் சின்னது என்று சொல்லிப் பூ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். தெரிந்தவராகப் போனதால்தான் வேண்டாம் என்கிறார்.

மஹ்ஜபீன் முந்தானையால் வளையலில் இருந்த சோப்பைத் துடைத்தாள். பெட்டியில் திரும்ப அடுக்கி, மூடி, "எடுத்துட்டுப் போங்க மாமி, வர்ற பொண்ணுக்கு ஆகும்" என்று கொடுத்தாள். ரஃபியா அழுதுவிட்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "மாத்திரைய மட்டும் நிப்பாட்டிராத தாயி. வலி கொறஞ்சிருச்சுன்னு நான் நிப்பாட்டுனேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தாம்பாளத்தில் மல்லிகைப் பூ அப்படியே கிடந்தது. அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொள் என்று பிள்ளையிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு நல்ல இடம் எதுவும் வரவில்லை. வந்தவர்களிடம் நானே முதலில் சொன்னேன். கேட்டவர்கள் நல்லவிதமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். போன் வரவில்லை.

போன வாரம் மதுரைக்கு மறுபடி போயிருந்தோம். டாக்டர் பார்த்து முடித்ததும் மஹ்ஜபீனைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு நான் மருந்து வாங்கப் போனேன். திரும்பி வரும்போது தூரத்தில் இருந்தே பார்த்தேன். அவள் தண்ணீர் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமாக நான்தான் திறந்து கொடுப்பேன், அன்று மறந்துபோனேன். பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பெண், "குடுங்கக்கா" என்று வாங்கி ஒரே திருகில் திறந்துகொடுத்தாள். அவள் கையில் பச்சைக் கண்ணாடி வளையல் குலுங்கியது. அவளுக்கு அடுத்த நாற்காலியில் ரஃபியா உட்கார்ந்திருந்தார், தரையைப் பார்த்தபடி.

"எங்க மாமிக்கும் நான்தான்க்கா தொறந்து குடுப்பேன்" என்றாள் அந்தப் பெண். அவளுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளந்தியான சிரிப்பு.

மஹ்ஜபீன் அந்த வளையலைப் பார்த்தாள். ரஃபியாவைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் மணிக்கட்டை லேசாகத் தொட்டு, "உனக்கு அளவாத்தான் இருக்கு. நல்லா இரும்மா" என்றாள்.

பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தாள். நான் மருந்துப் பையோடு அங்கேயே நின்றேன். அவள் குடித்து முடித்த பிறகுதான் பக்கத்தில் போனேன்.