வம்மியடிக் குளத்துச் சரிவு

வம்மியடிக் குளக்கட்டில் காணிக் கந்தோர் உத்தியோகத்தர் செல்லத்தம்பி நிலப் படத்தை விரித்து, மூலைகளில் கல் வைத்தார். ஊரார் சுற்றி நின்றனர். கல்லோயாவில் பெரிய அணை எழுந்து சில வருடங்களாகியிருந்தன. இப்போது சின்னக் குளங்களுக்கும் திட்டம் வந்திருந்தது. குளத்தைச் சுற்றியுள்ள அரசாங்க நிலத்தில் இனி முப்பது வருடத்துக்கு எது மேய்ச்சல், எது மரம், எது பயிர் என்று அன்று தீர்மானமாகும்.

தெற்குச் சரிவில் கலந்தரின் மிளகாய்த் தோட்டம் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் அவர் பற்றைக்காடு வெட்டி வேலி அடைத்த இடம். தன்னுடையதல்ல என்று தெரிந்தும் மகள் ஹாஜறாவுக்கு அதைச் சீதனமாகச் சொல்லியிருந்தார். அடுத்த பிறையில் நிக்காஹ். ஊர் எருமைகள் தண்ணீருக்கு இறங்கிய கெட்டி நிலமும் அதுதான். வேலி வந்த பின் அவை மறுபக்கத்துச் சேற்றில் புதைந்து போய்வந்தன.

“இந்தத் துண்டு பயிருக்கே இருக்கட்டுமா? ஆருக்கும் மறுப்பு இருக்கா?” என்றார் செல்லத்தம்பி.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெண்பிள்ளைக்கென்று சொன்ன காணியில் குறை சொல்வது, அந்தப் பக்கத்தில், அவள் கலியாணத்தைக் குழப்புவதாகும். முதல்நாள்தான் எருமையைச் சேற்றிலிருந்து கயிறு கட்டி இழுத்த அச்சிமுகம்மது, சாறனில் காய்ந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் வாப்பா நூஹுவிடம்தான் பெரிய எருமைப் பட்டி. அவரும் தண்ணீரையே பார்த்திருந்தார்.

“மறுப்பில்லையெண்டா எழுதுறன்.”

யாராவது ஏசியிருந்தால் கலந்தரும் ஏசியிருப்பார். அதற்கு வார்த்தைகள் ஆயத்தமாக இருந்தன. இந்த அமைதிக்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஹாஜறா வேலிக்குள் நின்று மிளகாய் ஆய்வாள். இவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முப்பது வருடமும் சேற்றைச் சுற்றிப் போவார்கள்.

“எழுதாதீங்க ஐயா. அது மாடு இறங்குற இடம். மேய்ச்சலுக்கு விடுங்க.”

“தோட்டம் உங்கடதானே?”

“ஓம். வேலிய நானே புடுங்குறன்.”

“கலந்தர் காக்கா, காலையில என்னத்தத் திண்டீங்க?” என்றார் வயதில் இளைய அச்சிமுகம்மது. இரண்டொருவர் சிரித்தனர்.

கலந்தர் நூஹுவிடம் திரும்பினார். “மச்சான், சீதனத்துக்குக் காணி இல்ல. வீடு மட்டும்தான் இரிக்கி. யோசிச்சிச் சொல்லுங்க.”

நூஹு மறுபக்கத்துச் சேற்றைத் திரும்பிப் பார்த்தார். செல்லத்தம்பி பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தார்.

“என்ட எருமை எத்தின அந்தச் சேத்துல கால் முறிஞ்சிட்டு,” என்றார் நூஹு. “நான் எப்பிடி வாய் தொறக்கிற? சீதனத்துல குத்தம் புடிக்கிற மாமன் எண்டு ஊர் சிரிக்கும்.”

“அப்ப கலியாணம்?”

“அது நடக்கும். ஆனா காணி இல்லையெண்டு என்ட பொஞ்சாதிக்கிட்ட நான் சொல்லமாட்டன். நீங்களே வந்து சொல்லுங்க.”

“தனியவா?”

“நான் வாசல்ல நிக்கிறன்.”

செல்லத்தம்பி அந்தத் துண்டுக்கு மேய்ச்சலின் பச்சையைப் பூசினார். கலந்தர் நூஹுவின் பின்னால் அவர் வீட்டுக்கு நடந்தார்.