ஒரு கோடியே ஒன்று

விடைக்குறிப்பில் ஒளிவுமறைவே இல்லை: "10000001 பகா எண். 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுபடாது. மதிப்பெண் ஐந்து."

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் காலையிலிருந்து கணக்கு டீச்சர் அதை வைத்துத்தான் திருத்திக்கொண்டிருந்தாள். பகா எண் என்றால் ஐந்து, பகு எண் என்றால் பூஜ்யம். கை அதுபாட்டுக்கு ஓடியது. மதியத்துக்கு மேல் ஒரு தாளில் சட்டென்று நின்றது.

மற்ற கேள்விகளில் தட்டுத்தடுமாறி முப்பத்தொன்று எடுத்திருந்த யாரோ ஒரு மாணவி, இதற்கு மட்டும் நிதானமாக எழுதியிருந்தாள்: "ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டினால் இரண்டு தொகையுமே 1. எனவே 11-ஆல் வகுபடும். 11 × 909091."

தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும்.

டீச்சர் பெருக்கிப் பார்த்தாள். பிசிறில்லாமல் ஒரு கோடியே ஒன்று வந்தது. ஏழோடு நிறுத்திவிட்டு எவரோ எழுந்து போயிருக்கிறார்!

எவரோ என்ன, தலைமைத் திருத்துநரேதான். முன் மேஜையில் பல் குத்திக்கொண்டிருந்தார். குச்சியை விடைத்தாள் கட்டின் மேலேயே துடைத்தார்.

"சார், இது பதினொன்னால வகுபடுது."

"ஏழு வரைக்கும் பாத்தாச்சும்மா."

"ஏழோட எண்ணெல்லாம் தீந்து போச்சா சார்?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் கால்குலேட்டரைத் தட்டினார். 909091. அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மறுபடியும் அதேதான்.

"சரிதான்," குரல் தணிந்தது. "ஆனா நாலாயிரம் தாள் திருத்தியாச்சு. இப்பப் போய் குட்டையைக் குழப்பாதீங்க. பூஜ்யம் போட்டுட்டு அடுத்ததை எடுங்க."

"தெரிஞ்சே பூஜ்யமா?"

"குறிப்புல இருக்கிறதுதான் விடை."

"அப்ப 'வகுபடுது, ஆனாலும் பூஜ்யம்'னு இந்தத் தாள்லயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "டீச்சருக்கு வெயில் ஒத்துக்கலை போல."

அவருடைய விரலிடுக்கில் இன்னும் அந்தக் குச்சி இருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் இடத்துக்குத் திரும்பினாள். ஐந்து போட்டாள். மொத்தம் முப்பத்தாறு. கையெழுத்திட்டாள்.

அப்போதுதான் அந்த அருவருப்பு அவள் மேலேயே திரும்பியது. காலையில் கட்டி வைத்த முப்பத்தெட்டுத் தாள்களில் எத்தனை பேர் பதினொன்று என்று எழுதியிருந்தார்கள்? நினைவில்லை. படித்திருந்தால்தானே நினைவிருக்கும்!

கட்டுக்கயிற்றை அறுத்தாள்.

"அக்கா, என்ன பண்றீங்க? அஞ்சு மணிக்குக் கட்டையெல்லாம் எடுத்துட்டுப் போக வண்டி வந்துடும்!" பக்கத்து மேஜைக்காரி பதறினாள்.

"வந்தா நிக்கட்டும்."

மூன்றாவது தாளிலேயே 11 × 909091 இருந்தது. வகுத்துக் காட்டிய வரிகள் மேல் அவள் போட்ட சிவப்புப் பெருக்கல் குறி, தடியாக, திமிராக, தானே துப்பிய எச்சில் போலக் கிடந்தது. அதை அடித்து ஐந்து போட்டாள்.

"கட்டை மூடுங்கம்மா!" முன் மேஜையிலிருந்து அதட்டல் வந்தது.

அவள் நான்காவது தாளைப் புரட்டினாள்.