சூடாக ஒரு சாப்பாடு

ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. கோபுரம் இல்லை, அருங்காட்சியகம் இல்லை, ஆற்றில் படகும் இல்லை. கணவனும் அவளும் ஒரு மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து, ஆவி பறக்கிற சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிட வேண்டும். ஒரு வேளை போதும். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து சாப்பிட ரயிலேறி நகரத்துக்கு வரவேண்டுமா என்று கேட்பார்கள். வரவேண்டும்தான். அவர்கள் வீட்டு நிலவரம் அப்படி.

இருவருக்கும் பாட்டில் தொழிற்சாலையில் வேலை. அவன் உலைப் பக்கம். அவள் சோதனைப் பக்கம். வெளிச்சத்துக்கு முன்னால் வரிசையாக நகர்ந்து போகும் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே இருந்து, குமிழோ கீறலோ தெரிந்தால் எடுத்து உடைப்புத் தொட்டியில் போட வேண்டும். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதால் அங்கே அவளுக்குக் கழுகு என்று பெயர். நாலு வருஷம் இரண்டு பேரும் ஒரே ஷிப்டில் இருந்தார்கள். கேன்டீனில் ஜன்னலோர மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பேசியே காதல் வளர்ந்து, கல்யாணமும் ஆகி, அதற்குப் பிறகும் பேச்சு ஓயவில்லை. அரை மணி நேர இடைவேளையில் முக்கால் மணி நேரம் பேசுகிறவர்கள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

அப்புறம் குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லை. மூன்று மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பியபோது, இரண்டு பேரும் போய் நின்று வேறு வேறு ஷிப்டு கேட்டு வாங்கினார்கள். அவளுக்குக் காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. அவனுக்கு இரண்டிலிருந்து பத்து வரை. வார விடுமுறையும் ஆளுக்கொரு நாள். மதியம் இரண்டு மணிக்குத் தொழிற்சாலை வாசலில் அவன் குழந்தையோடு நிற்பான், அவள் வெளியே வருவாள், குழந்தை கைமாறும். உள்ளே போய் வருகை அட்டை அடிக்க அவனுக்கு இரண்டு நிமிஷம்தான் இருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தில் அவன் ஒப்பிப்பான்.

"பால் பன்னெண்டுக்கு. தூக்கம் நாப்பது நிமிஷம். வெளிய ஒரு தடவ போயாச்சு. வலது காதப் புடிச்சு இழுக்கறா, பாத்துக்க."

அவ்வளவுதான். அவன் உள்ளே, அவள் வெளியே. இரவு அவன் வரும்போது அவள் தூங்கியிருப்பாள், விடியுமுன் அவள் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். வீட்டில் எல்லாரையும் ஆட்டி வைக்கிற மகளுக்கு அவர்கள் வைத்திருந்த செல்லப் பெயர் சூப்பர்வைசர். போன வாரம்தான் அவளுக்கு ஒரு வயது முடிந்தது. இப்படியே ஒன்பது மாதம் ஓடியிருந்தது.

இந்த நேரத்தில்தான் அவர்கள் வேலை பார்க்கும் உலையைப் பழுது பார்ப்பதற்காக நாலு நாள் நிறுத்தினார்கள். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு. "எங்கயாவது போலாமா?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் அவள் பெட்டியை எடுத்துவிட்டாள்.

முதல் நாள் காலையில் நகரத்தின் பெரிய கோபுரத்துக்குப் போனார்கள். மேலே போகிற லிப்டில் குழந்தை வண்டிக்கு இடமில்லை, உச்சியில் காற்று வேறு பலமாம். "நீ போய்ட்டு வா, நான் வெச்சிருக்கேன். அப்பறம் நான் போறேன்" என்றான் அவன். நியாயமான பேச்சுதான். அவள் மேலே போய் ஊரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். குழந்தை கைமாறியது. "வாழப்பழம் பாதி. டயபர் மாத்தியாச்சு" என்று சொல்லிவிட்டு அவன் மேலே போனான். கீழே பெஞ்சில் உட்கார்ந்து மகளின் வாயைத் துடைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. தொழிற்சாலை வாசலைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மதியச் சாப்பாடும் அதே லட்சணம்தான். உட்கார்ந்த மூன்றாவது நிமிஷம் சூப்பர்வைசர் கரண்டியை வீசினாள். நாலாவது நிமிஷம் பக்கத்து மேசை மனிதரின் மூக்குக் கண்ணாடியைப் பறித்தாள். ஐந்தாவது நிமிஷம் காரணமே சொல்லாமல் வீறிட்டாள். அவன் மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனான், இவள் ஓட்டமாகச் சாப்பிட்டாள். பிறகு இவள் தூக்கிக்கொண்டு போனாள், அவன் ஆறிப்போனதைச் சாப்பிட்டான். கடைக் கண்ணாடி வழியாக அவன் தலையைக் குனிந்துகொண்டு அள்ளி அள்ளிப் போடுவதைப் பார்த்தபடி நடைபாதையில் நின்றாள். இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறவனுக்காக மனசு இப்படி ஏங்குமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஏங்கத்தான் செய்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இதே கதைதான்.

இரண்டாம் நாள் அருங்காட்சியகம். அங்கே மாடியில் பழங்காலக் கண்ணாடிச் சாமான்கள் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து இரண்டு பேருக்குமே ஆர்வம். ஆனால் கூடத்தில் நுழைந்ததும் சூப்பர்வைசர் கத்திப் பார்த்தாள். எதிரொலி கேட்டது. பிடித்துப்போய் மறுபடி கத்தினாள். காவலுக்கு நின்றவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். முதலில் அவள் மாடிக்குப் போனாள். அங்கே ஒரு பெட்டிக்குள் தனி விளக்குப் போட்டு ஒரு நீல பாட்டிலை வைத்திருந்தார்கள். வயிற்றில் அரிசி அளவுக்கு ஒரு குமிழ், கழுத்து ஒரு பக்கம் சாய்வு. அவள் கையில் கிடைத்திருந்தால் யோசிக்காமல் உடைப்புத் தொட்டியில் போட்டிருப்பாள். இங்கே அதற்கு விளக்கும் காவலும். இதை உடனே அவனிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். வாசலில் அவன் குழந்தையை நீட்டினான். "இப்பத்தான் ஏப்பம் விட்டா. தொப்பி பைல இருக்கு." சொல்ல வந்தது அப்படியே நின்றுபோயிற்று.

இருபது நிமிஷம் கழித்து அவன் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டதும் அவள் கேட்டாள்.

"அந்தப் பச்ச பாட்டில் பாத்தீங்களா? வயித்துல குமிழோட?"

"ம். பாத்தேன். அருமையா இருந்துச்சு."

"அங்க பச்சையே கெடையாது."

ஒன்பது மாதம் அவன் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் இருந்தாலும் கழுகு கழுகுதான். அவன் காதைச் சொறிந்தான். குழந்தை அப்பனின் சட்டைப் பட்டனைக் கடித்துப் பார்த்தது.

"எங்கதான் போனீங்க?"

"மாடிக்குத்தான் போனேன். படி திரும்பற எடத்துல ஒரு ஜன்னல் இருக்கு. அங்கேயே நின்னுட்டேன்."

"ஜன்னல்ல என்ன இருக்கு?"

"நீ இருந்த. கீழ முற்றத்துல அவளத் தூக்கிக்கிட்டு நடந்துட்டு இருந்த." கொஞ்சம் நிறுத்திவிட்டு, செய்த தப்பையெல்லாம் ஒரேயடியாக ஒப்புக்கொண்டுவிடலாம் என்பவனைப் போல மேலே சொன்னான். "நேத்து கோபுரத்துலயும் அதான். ஊரப் பாக்கல. கீழ நீ பெஞ்சுல ஒக்காந்திருந்தத பாத்தேன்."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஏங்க, என்னைப் பாக்க கோபுரத்து மேல ஏறணுமா? பக்கத்துல வந்து பாத்தா என்ன?"

"பக்கத்துல வந்தா அவள என் கையில குடுத்துட்டு நீ கெளம்பிடுவியே."

இவன் மட்டும் நிம்மதியாக ஊரைப் பார்க்கிறான் என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து, தன்னையே கிள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்த முற்றத்தில் ஆட்கள் போய்வந்துகொண்டு இருந்தார்கள், இல்லாவிட்டால் அழுதிருப்பாள்.

"நாளைக்கு மத்தியானம்" என்றாள். "ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்பிடறோம். வானமே இடிஞ்சு விழுந்தாலும் சரி."

"சூப்பர்வைசர் ஒத்துக்கணுமே."

"ஒத்துக்க வெப்போம்."

அன்றைக்கு ஓட்டல் அறையில் கட்டிலின் மேல் காகிதத்தை விரித்து, உலையைப் பற்றவைக்கத் திட்டம் போடுகிறவர்களைப் போல இரண்டு பேரும் திட்டம் போட்டார்கள். காலைத் தூக்கம் கிடையாது. பூங்காவில் இரண்டு மணி நேரம் தவழ விட வேண்டும். புறாக்களைக் காட்டிக் கத்த வைக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு வயிறு நிறையப் பால். ஒரு மணிக்கு ஆற்றங்கரைச் சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும், கல் பாவிய சாலை என்பதால் வண்டி நன்றாகக் குலுங்கும். தூங்கியதும் கண்ணில் படுகிற முதல் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்துவிட வேண்டும். எந்தக் கடை, என்ன சாப்பாடு என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

மூன்றாம் நாள் எல்லாம் சொல்லி வைத்த மாதிரி நடந்தது. பூங்காவில் சூப்பர்வைசர் புறாக்களை விரட்டினாள், புல்லைத் தின்றாள், ஒரு நாயிடம் நெடுநேரம் ஏதோ விசாரணை நடத்தினாள். ஒன்று பத்துக்கு வண்டியில் கண் செருகியது. ஒன்று பதினைந்துக்கு வாய் பிளந்தது. அவன் குனிந்து மூச்சைக் கேட்டுவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான். சாலை திரும்பும் இடத்தில் சிறிய கடை ஒன்று இருந்தது. ஜன்னலோரத்தில் இரண்டு பேர் உட்காரும் மேசை ஒன்று காலியாகக் கிடந்தது. வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் இதயம் பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படி அடித்துக்கொண்டதில்லை. பெண் பார்க்க யாரும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

பரிமாறுகிற அம்மாள் நடுத்தர வயதுக்காரர். வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் தட்டுகளை வைத்தார். வறுத்த மீன், வேகவைத்த உருளைக்கிழங்கு, கிண்ணத்தில் சூப், வெண்ணெய் தடவிய ரொட்டி. எல்லாவற்றிலும் ஆவி பறந்தது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். இரண்டு பேரும் கரண்டியை எடுத்தார்கள்.

எடுத்தவர்கள் வைக்கவில்லை. ஒன்பது மாதமாகக் கைக்குப் பழகிய பழக்கம். சீக்கிரம் முடித்தால்தான் மற்றவர் சாப்பிட முடியும், எந்த நிமிஷமும் அழுகை கேட்கலாம், மென்று தின்பதெல்லாம் வசதி படைத்தவர்கள் சமாசாரம். நாக்குச் சுட்டது, ஊதக்கூட நேரமில்லை. மீன் போனது, கிழங்கு போனது. அவன் ரொட்டியைச் சூப்பில் முக்கி இரண்டே விழுங்கில் உள்ளே தள்ளினான். அவள் கிண்ணத்தை அப்படியே தூக்கிக் குடித்தாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு, இரண்டு பேருமே ஒரே நேரத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்து, ஒரே நேரத்தில் வண்டியைப் பிடித்தார்கள்.

"நான் பாத்துக்கறேன், நீ சாப்பிடு" என்றான் அவன்.

"நான் சாப்ட்டேன், நீங்க சாப்பிடுங்க" என்றாள் அவள்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மேசையைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு தட்டிலும் மீன் முள்தான் மிச்சம். சுவரில் மணி ஒன்று முப்பத்து ஐந்து. தட்டு வந்து ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.

அவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இத்தனை நாள் இதற்காகவா காத்திருந்தோம் என்று இருந்தது. மீன் என்ன ருசி என்று கேட்டால்கூட அவளால் சொல்ல முடியாது. ஏதாவது பேசலாம் என்று பார்த்தாள். பேச்சு எப்படித் தொடங்கும் என்பதே மறந்துபோயிருந்தது. நாளைக்கு ரயில், நாளை மறுநாள் மதியம் இரண்டு மணிக்குத் தொழிற்சாலை வாசல். எதிரே இருக்கிற முகத்தைப் பார்த்தாள். காதோரம் நரை தட்டியிருந்தது. பாட்டிலில் குண்டூசி முனையளவு குமிழைக் கண்டுபிடிக்கிறவள் இதை எப்போது தவறவிட்டாள்?

பரிமாறுகிற அம்மாள் வந்து நின்றார். வாசலில் இடத்துக்காக நாலைந்து பேர் காத்திருந்தார்கள். "முடிஞ்சுதாம்மா? தட்ட எடுத்துக்கட்டுமா?"

அவள் இரண்டு கைகளாலும் தன் தட்டைப் பிடித்துக்கொண்டாள். "இல்லைங்க. நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அந்த அம்மாள் மீன் முள்ளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு அவர்கள் இருவரையும் பார்த்தார். இரண்டு டம்ளரிலும் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு வாசலில் நின்றவர்களிடம் போனார்.

"நீங்க எப்படி இருக்கீங்க?" என்று அவள் கேட்டாள்.

"காலைல ஆறரைக்கு எழுந்தா. அரை வாழப்பழம், அப்பறம்..."

"அவள இல்ல. உங்களக் கேக்கறேன்."

அவன் வண்டியைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். வண்டிக்குள் ஒரு சின்னக் கால் அசைந்தது. அதைப் பார்த்ததும் அவன் அவசர அவசரமாகத் தொடங்கினான்.

"நான் இப்பல்லாம் கேன்டீன்ல ஒக்காந்து சாப்பிடறதில்ல. நின்னுக்கிட்டே சாப்ட்டுப் போயிடறேன். எதிர்ல காலியா இருக்கு, அதப் பாத்துக்கிட்டு ஒக்கார முடியல. ஒருநாள் அந்த ஜன்னல் மேசைல யாரோ புதுசா ரெண்டு பேரு பேசிக்கிட்டு இருந்தாங்க, நான் பாட்டுக்கு அவங்களயே..."

"மெதுவா" என்றாள் அவள், மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. "மெதுவாச் சொல்லுங்க."