மூப்பர் கலுலேயின் கனவுகள்

"போனைக் கீழ வை," என்றார் மூப்பர் கலுலே.

பாயில் முழங்காலிட்டிருந்த நப்போசா தன் போனை அவர் காலடியில் மெல்ல வைத்தாள். மேசையில் மத்தோக்கே என்ற வாழைக்காய் மசியல் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை.

"நேத்து ஆண்டவர் எனக்குக் கனவுல காட்டினார். ஒரு வீடு. நீலக் கேட். உள்ள பன்னெண்டு பொம்பளைங்க, ஆளுக்கொரு லுவொம்போ பொட்டலம். அதுல ஒருத்தி நம்ம வீட்டுப் பொண்ணு!"

அவர் மனைவி பெர்பெச்சுவாவின் கை நெஞ்சுக்குப் போனது. வேர்க்கடலைக் குழம்பை வாழையிலையில் கட்டி அவித்து, பன்னிரண்டு லுவொம்போ பொட்டலங்களையும் அனுப்பியவள் அவள்தான். அதை அவரிடம் அவள் சொல்லவே இல்லை.

உகாண்டாவின் கம்பாலாவில் அவர் மூப்பராக இருந்த சபை முழுக்கக் கலுலேயின் கனவுகளுக்குப் பயந்து கிடந்தது. எந்தப் பாடகிக்கு வீட்டில் சண்டை, எந்தத் தையல்காரி சபை மாறப் பார்க்கிறாள், எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவர் வாயில் வந்துவிடும்.

"கட்டிக் கொடுக்கறதுக்கு முன்னாடி பொண்ணை அத்தைக்காரி சோதிக்கணும். அதான் நம்ம வழக்கம்," என்று மனைவியிடம் திரும்பினார். "இந்தக் காலத்துல சோதிக்க வேண்டியது போன்தான். உன் அண்ணன் மக. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு விடாம பாரு. தப்பா ஏதாவது இருந்துச்சு, நானே போலீசுக்கு எடுத்துட்டுப் போவேன்."

சொல்லிவிட்டுத் தன் சிமெண்டுக் கடைக்குக் கிளம்பினார்.

நப்போசாவின் வேலையே போனைப் பூட்டக் கற்றுக்கொடுப்பதுதான். அடிக்கிற கணவனிடமிருந்து ஓடிவந்த பெண்களுக்கும், பெண்ணையே விரும்பும் பெண்களுக்கும் ஒரு வீட்டில் கூட்டி அவள் பாடம் நடத்தினாள். அந்த நாட்டில் பெண் பெண்ணை விரும்பினால் சிறை. அவள் போனில் அப்படிப்பட்டவர்கள் உட்படப் பதினோரு பேரின் பெயர்கள் இருந்தன. ஒரு பெயர் வெளியே போனால் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற பத்தும் போய்விடும். ஒரு நாளில் தானாக அழிந்துவிடும் செய்திகள், தனிப் பூட்டுக்குள் படங்கள், பிறந்த தேதி கலக்காத நீளமான கடவுச்சொல் என்று எல்லாம் சரியாகவே செய்திருந்தாள். ஆனால் பூட்டு என்பது அந்நியருக்காகச் செய்யப்பட்டது. திருடன் திணறுவான், போலீஸ்காரன்கூடத் திணறுவான். எதிரே உட்கார்ந்து "திற" என்று சொல்லும் அத்தைக்கு எதிராக ஒரு பூட்டை இன்னும் யாரும் செய்யவில்லை.

"திற," என்றாள் அத்தை.

"அத்தை, அதுல பதினோரு பேர் உசிரு இருக்கு."

"என்ன மாதிரி பொம்பளைங்க? ஆம்பளையே வேணாங்கிற மாதிரியா?"

"சில பேர்."

"என் லுவொம்போவைச் சாப்பிட்டவங்க அவங்கதானா?"

"இலையைக்கூட நக்கிட்டாங்க."

"வேர்க்கடலைக் குழம்பு எப்படி இருந்துச்சுன்னாங்க?"

"அத்தை!"

"சரி சரி. ஆனா அவருக்கு ஆண்டவரே காட்டிட்டாரேடி. நீலக் கேட்டு, பன்னெண்டு பொட்டலம்…"

நப்போசா நிமிர்ந்தாள். "கேட் நீலம் இல்ல, அத்தை. பச்சை. முந்தின நாள்தான் பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. அது தெரியாம நான்தான் உங்களுக்கு 'நீலக் கேட், பன்னெண்டு பொட்டலம்'னு எழுதி அனுப்பினேன்."

"ஆமா! பைக்ல கொண்டுபோனவன் மூணு சுத்து சுத்திட்டு எனக்குப் போன் பண்ணிக் கத்தினானே, பச்சைக் கேட்டாம்னு…"

"அவன் பேசினான். நான் எழுதினேன். எழுதினது மட்டும்தான் கனவுல வந்திருக்கு. ஆண்டவருக்கு நிறம் தெரியாதா? உங்க போனைக் குடுங்க."

வாட்ஸ்அப்பின் வலது மேல் மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். தொட்டால் ஒரு பட்டியல் விரியும். அதில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்று ஒரு வரி. நம் செய்திகள் வேறு எந்தத் திரையில் ஓடுகின்றன என்று அது ஒளிக்காமல் சொல்லும். பெர்பெச்சுவாவின் போனில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் கடைசியாகப் பார்த்தது நேற்று மாலை ஐந்து மணி.

"இதுக்குப் பெரிய வித்தை ஒண்ணும் வேணாம் அத்தை. கம்ப்யூட்டர் திரையில ஒரு கட்டம் வரும். அதுக்கு முன்னாடி உங்க போனைப் பத்து செகண்டு காட்டினாப் போதும். ஒரே குழாய்க்கு ரெண்டாவது வாய் வெச்ச மாதிரி. இங்க ஊத்தறது அங்கேயும் ஊத்தும்."

"போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னாடி 'போனைக் குடு, சரிபண்ணித் தரேன்'னு கடைக்கு எடுத்துட்டுப் போனாரு…" பெர்பெச்சுவாவின் கண்கள் விரிந்தன. "அடியே! ஈஸ்டருக்கு அப்புறம்தான் அவருக்குக் கனவே வர ஆரம்பிச்சுது!"

ஒரு கணம் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சிரிப்பு. பெர்பெச்சுவா இடுப்புத் துணியின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு பாயில் புரண்டாள். "ஆண்டவர்… சிமெண்டுக் கடையில… கம்ப்யூட்டர் வெச்சிருக்காரு…"

பெர்பெச்சுவாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. "சபைப் பொம்பளைங்க எல்லாம் எனக்குத்தானே மனசு விட்டு எழுதறாங்க. லொவின்சா தனக்குக் கரு கலைஞ்சதை எனக்கு மட்டும்தான் எழுதினா. அதை இவரு சபையில கனவுன்னு சொன்னாரு. அவ ஏதோ பாவம் பண்ணிட்டோம்னு நாப்பது நாள் உபவாசம் இருந்தா."

நப்போசா இணைப்பைத் துண்டிக்க விரலை நீட்டினாள். அத்தை அந்த விரலைப் பிடித்தாள்.

"இரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்."

நப்போசாவின் போனைத் திறக்காமலே அவள் மடியில் திருப்பிப் போட்டுவிட்டு, தன் போனில் லொவின்சாவுக்கு எழுதினாள்: 'என் மருமகளின் போனை முழுக்கச் சோதித்தேன். சங்கீதங்களும் தையல் மாதிரிகளும்தான். பாலைப் போல வெள்ளை. அவரிடம் சொல்லமாட்டேன். ஆண்டவரே காட்டுகிறாரா பார்ப்போம்.'

ஞாயிற்றுக்கிழமை கலுலே கண்களை மூடி இரு கைகளையும் உயர்த்தினார். "ஒரு போனைக் கண்டேன்! பாலைப் போல வெள்ளை! உள்ளே சங்கீதங்கள்! தையல் மாதிரிகள்! அதன்மேல் ஒரு தேவதூதன் நின்று, 'இதைத் தொடுகிறவன் கை விளங்காது' என்றான்!"

தேவதூதன் மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு.

சபையே அல்லேலூயா என்றது. லொவின்சாவின் அல்லேலூயா பாதித் தொண்டையில் நின்றுவிட்டது. அவள் திரும்பிப் பெர்பெச்சுவாவைப் பார்த்தாள். பெர்பெச்சுவா பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள்.

பிற்பகலில் நப்போசா இணைப்பைத் துண்டித்தாள்.

கனவுகள் வற்றின. அடுத்த வாரம் கலுலே மழையைக் கண்டதாகச் சொன்னார், அது மழைக்காலம். அதற்கடுத்த வாரம் ஒரு மாட்டைக் கண்டார். பாஸ்டர் கவலையோடு மூன்று நாள் உபவாசம் அறிவித்தார். வீட்டில் மனைவி பணியாததால்தான் தரிசனம் அடைபடுகிறது என்று கண்டுபிடித்து, சபையின் மனைவிமார் எல்லாரையும் முன்னால் முழங்காலிடச் சொன்னார். நடுவில் பெர்பெச்சுவா.

பாட்டு ஓங்கியபோது லொவின்சா முழங்காலாலேயே நகர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, எங்க பாக்கணும்? எங்க வீட்டுக்காரர் கனவெல்லாம் காணமாட்டாரு. ஆனா அவருக்கும் எல்லாம் தெரிஞ்சுபோகுது."

பெர்பெச்சுவா கண்ணைத் திறக்கவில்லை. "மேல, வலது மூலை. மூணு புள்ளி. சத்தமா ஆமென் சொல்லு, பாஸ்டர் பாக்கறாரு."

"ஆமென்!"

"எந்த மூலைன்னாங்க?" என்றது பின்வரிசை.