பரங்கி விதையின் சாம்பல்

ஆய்வகத்தில் சரக்கைச் சோதித்துப் பார்த்து எப்சி ஃபெயில் போட்டால், முதலாளியே வந்து நின்றாலும் ஃபெயில்தான். வாலாஜாபேட்டையில் அரங்கநாதன் நடத்தும் மூலிகை மருந்துக் கம்பெனிக்குச் சரக்கு கொண்டுவரும் லாரிக்காரர்களுக்குக்கூட இது தெரியும். அப்பேர்ப்பட்டவள் முதல் தடவையாக ஒரு சரக்குக்குத் தானே சிபாரிசு செய்தாள். வினை அங்கேதான் பிடித்தது.

சரக்கு, பரங்கி விதை. வயதான ஆண்களுக்கு வரும் சிறுநீர்த் தொந்தரவுக்குக் கம்பெனி தயாரிக்கும் மருந்தில் அதுதான் பிரதானம். அனுப்பியவள் ஆம்பூர் பில்கிஸ். எப்சியோடு காலேஜில் கெமிஸ்ட்ரி படித்து, ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவள். ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு, நாட்றம்பள்ளிப் பக்கம் பரங்கிக்காய் வாங்கி, சதையைக் கல்யாணச் சமையல்காரர்களுக்குக் கொடுத்து, விதையைக் காயவைத்து விற்கலாம் என்று துணிந்திருந்தாள்.

“உன்னை நம்பித்தாண்டி மொத லோடு அனுப்புறேன்” என்றாள் போனில். இது தேறினால் வருஷம் முழுக்க ஆர்டர். தேறாவிட்டால் மறுபடி ஷூ கம்பெனிதான். வேறு வழி அவளுக்கு இல்லை.

எண்ணெய் எடுத்துப் பார்த்தபோது எப்சிக்கு வாயெல்லாம் பல். லினோலிக் அமிலம் ஜாஸ்தி, அடுத்தபடியாக ஓலிக், அப்புறம் கொஞ்சம் பால்மிடிக், ஸ்டியரிக். மருந்துக்கு முக்கியமான ஸ்டெரால்கள் கண்ணாடித் தகட்டில் பளிச்சென்று புள்ளி வைத்தன. வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த டோகோபெரால், பரங்கி இனத்துக்கே உரிய குகுர்பிட்டின், போதாததற்குத் துத்தநாகமும் மெக்னீசியமும். ஒரு நகத்தளவு விதைக்குள் இத்தனை பேர் குடித்தனம் நடத்துகிறார்களே என்று எப்சிக்கு எப்போதுமே ஒரு பிரியம் உண்டு. தோழி அனுப்பிய விதை என்பதால் இந்த முறை பிரியம் கொஞ்சம் கூடுதல்.

கடைசியாகச் சாம்பல் டெஸ்ட். விதையை உலையில் வைத்து எரித்தால், எரிவதெல்லாம் எரிந்து உப்புச்சத்தும் தாதுச்சத்தும் மட்டும் சாம்பலாக மிஞ்சும். நூறு பங்குக்கு ஐந்து பங்கு சாம்பல் வரைக்கும் கம்பெனியில் அனுமதி. பில்கிஸின் விதையில் ஒன்பது வந்தது. எப்சி திரும்ப எரித்தாள். மறுபடியும் ஒன்பதுதான்.

“மண்ணு கலந்துட்டாங்களா?” என்று கேட்டார் அரங்கநாதன். மேஜையில் இருந்த மாதிரிப் பொட்டலத்திலிருந்து ஒரு விதையை எடுத்துப் பல்லிடுக்கில் உடைத்தபடிதான் கேட்டார். நல்ல மனுஷர், வாய்தான் சும்மா இருக்காது.

மண் இல்லை என்றாள் எப்சி. மண்ணாக இருந்தால் அமிலத்தில் கரையாமல் அடியில் தங்கியிருக்கும். அவர் முகம் மாறியது. “பாலாத்துத் தண்ணியில வெளஞ்சதா? குரோமியமா இருக்கப் போவுதும்மா.”

தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு பாலாற்றில் கலக்கும் ஊர்க்காரர்களுக்கு எது நடந்தாலும் முதலில் வரும் பயம் அது. எப்சி உடனே விதையை உலோகப் பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினாள். முடிவு வரும்வரை பில்கிஸின் போனை எடுக்கவே இல்லை. முடிவு வந்தது. குரோமியம், ஈயம், எதுவும் இல்லை.

“அப்ப சாம்பல் ஏன் சார் ஏறுது?”

“அது உங்க கெமிஸ்ட்ரி” என்று அரங்கநாதன் அடுத்த விதையை உடைத்தார். “நமக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பழைய ஆள் அனுப்புற விதை சப்புன்னு இருக்கும். இது இன்னா ருசி! கைய வச்சா எடுக்க மனசே வரல.”

எப்சி அவரையே பார்த்தாள். இதையே அவர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்காதே என்று காலேஜில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் அவள். ஓடிப்போய்ச் சாம்பல் கரைசலில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுவிட்டாள். திரிந்த பால் மாதிரி வெள்ளைவெளேரென்று படிந்தது. உப்பு. சாதாரணச் சமையல் உப்பு!

போனில் பேசுகிற விஷயமா இது? மறுநாளே ஆம்பூருக்கு பஸ் ஏறினாள்.

“உப்பா? அல்லா சத்தியமா நான் போடலடி!” பில்கிஸ் பதறினாள். “வெதை காயவச்ச வாரம் பூரா மழை, நான் இங்க இல்லவே இல்ல. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு வேலூர்ல இருந்தேன். மாமாதான் பாத்துக்கிட்டாரு.”

டீயோடு உள்ளிருந்து வந்தார் மாமனார் நசீர் அகமது. முகத்தில் அப்படி ஒரு பெருமை. மருமகளோ அவள் தோழியோ, அவருக்கு எல்லாரும் ‘பேட்டி’தான், மகள்.

“நான்தான் போட்டேன் பேட்டி! தோல் ஷாப்புல பச்சைத்தோல் எறக்குற எடத்துலயே வேலை பாத்தவன் நான். தோல் வந்து எறங்குனா மொத வேலை இன்னா? உப்பு! இல்லாட்டி அழுகிப் போய்டும். மருமவ நம்பி விட்டுட்டுப் போய்ட்டா, வெளிய வுடாம மழை. வெதை ஈரமா கெடக்குது. எனக்குத் தூக்கமே வரல. உப்ப அள்ளிப் பெசறி வுட்டேன். காஞ்சதும் துணியால தொடச்சிட்டேன். ஒண்ணாச்சும் கெட்டுச்சா சொல்லு!”

உண்மைதான். ஒரு விதைகூடக் கெடவில்லை.

எப்சிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பில்கிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எண்ணெயில உப்பு வராது எப்சி. உனக்கே தெரியும். பாஸ் போட்டுடேன்.”

“எண்ணெயில வராதுடி. பிண்ணாக்குல அப்படியே நிக்கும். அதையும் பொடி பண்ணி அதே மருந்துலதான் சேக்குறோம். சாப்புடறது யாரு? மாமா வயசு ஆளுங்க. பாதிப் பேருக்கு பிபி.”

பில்கிஸ் பரணை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டில் உப்பு டப்பா அங்கேதான் இருந்தது. பிபிக்கார மாமனார் கைக்கு எட்டக்கூடாது என்று அதை அங்கே ஏற்றிவைத்தவளே அவள்தான். சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

“மாமா, அவ்ளோ உப்பு ஏது உங்களுக்கு?”

“கடையில வாங்குனேன்.”

“இந்த வெதையத் தின்னீங்களா?”

நசீர் அகமது டீ கிளாஸுக்குள் எதையோ தேடினார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். “கொஞ்சந்தான். மொத லோடே என்னாலதான் பேஜாராப் போச்சா, பேட்டி?”

பில்கிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளேதான் சொன்னாள். “ஃபெயில் போடுடி. எங்க வீட்ல குடுக்காதத அடுத்தவங்க வீட்டுப் பெரியவங்களுக்குக் குடுக்க வேணாம்.”

எப்சி ஃபெயில் போட்டாள்.  சிபாரிசு செய்த வாயாலேயே, இன்னொரு லோடு பார்க்கலாம் என்று முதலாளியிடம் கெஞ்சவும் செய்தாள். அவர் அந்த விதையைத் தின்று தின்று ஏற்கெனவே பாதி இளகியிருந்தார். “சரி, இன்னும் ஒரு தடவைதான்” என்றார்.

திரும்பி வந்த மூட்டைகளை பில்கிஸ் வறுத்து, ஷூ கம்பெனி வாசலில் டீ நேரத்தில் விற்றுத் தீர்த்தாள். மாமனாருக்கு ஒரு விதைகூடக் கொடுக்கவில்லை.

பொங்கல் கழிந்து நல்ல வெயிலில் காய்ந்த இரண்டாவது லோடு வந்தது. மொட்டை மாடியில் நசீர் அகமது நாளெல்லாம் காக்கா விரட்டினாராம், விதையில் கை படாதபடி பின்னால் கட்டிக்கொண்டு. எப்சி விதையை உலையில் வைத்துவிட்டு உட்கார முடியாமல் நடந்துகொண்டிருந்தாள். அரங்கநாதன் வழக்கம்போல வந்து, ஆசையாக ஒரு விதையை உடைத்து வாயில் போட்டார். மென்றார். முகம் சுருங்கியது.

“இன்னாம்மா இது? சப்புன்னு கெடக்குது!” என்று ஜன்னல் வழியாகத் துப்பினார்.

எப்சி துள்ளிக் குதித்தாள். உலை ஆறும்வரை பொறுக்கவில்லை அவளுக்கு. பாஸ் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று ஆம்பூருக்கு போன் போட்டாள்.

“பில்கிஸ், சப்புன்னு இருக்குன்னு முதலாளி துப்பிட்டாருடி!”

அந்தப் பக்கம் பில்கிஸ் போட்ட சந்தோஷக் கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.